காகபாதம் சொன்ன சீனி முகம்மது

சீனி முகம்மதுவைக் கல்யாணத்துக்கு அழைக்காமல் இருக்க முடியாது, அழைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. பினாங்கு கடைத்தெருவில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் இந்தச் சங்கடம் இருந்தது. மனிதர் பந்தலுக்குள் காலை வைத்ததும், இடது பக்கத்துப் பந்தல்கால் இரண்டு அங்குலம் சாய்ந்திருக்கிறது என்பார். அண்டாவின் மூடியைத் திறக்கும்போதே அடி பிடித்துவிட்டது என்பார். மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு காது மற்றதைவிடக் கீழே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் தாய்மாமனாக இருப்பார். சொன்னதெல்லாம் உண்மையாகவும் இருந்து தொலைக்கும். அதனால் சண்டை போடவும் வழியில்லை.

தொழில் அப்படி. கடைத்தெருவில் ஒரு நகைக்கடையில் கல் பார்ப்பவராக இருபத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தார். வாசலை ஒட்டி வடக்கு வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு நாற்காலி, வெள்ளைத் துணி விரித்த சின்ன மேசை, கல்லைப் பிடிக்க ஒரு சாமணம், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸ். அவ்வளவுதான் சொத்து. காயல்பட்டினத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே கப்பலேறி வந்து, மாமாவின் கடையில் கூழாங்கல்லுக்கும் நீலக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் அடி வாங்கி, பிறகு வைரத்துக்குள் இருக்கும் ஊசிமுனைப் புள்ளியைக்கூடக் கண்டுபிடிக்கிற ஆளாக ஆனவர். அந்தக் கண்ணைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமான முதல் வாரத்தில் மனைவி நூர்ஜானிடம், "உனக்கு வலது புருவத்துல முடி கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். "உங்களுக்கு எங்க எங்க கம்மின்னு நான் எண்ணிச் சொல்லவா?" என்றாள் நூர்ஜான். அன்றிலிருந்து வீட்டில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசித்தார்.

வைரம் வாங்க வருபவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வைரத்துக்குள் என்ன இருக்கும்? பூமிக்கடியில் வெந்து இறுகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட கரும்புள்ளி இருக்கும். வெண்மையாக ஒரு முகில் இருக்கும். இறகு போல ஒரு கீறல் இருக்கும். லென்ஸில் ஒன்றுமே தெரியாவிட்டால் சுத்தமான கல், விலை அதிகம். தெரிந்தால் விலை குறைவு. கதை அத்தோடு முடிந்தது என்பது சீனி முகம்மதுவின் கட்சி. ஆனால் வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன், "அண்ணே, இது வீட்டுக்கு ஆகுமா?" என்று கேட்பார்கள். கல்லை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி படத்துக்குக் கீழே வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த வாரத்தில் நல்லது நடந்தால் வாங்குவார்கள். ஒரு அம்மாள் மிகச் சுத்தமான ஒரு கல்லை ஐந்தாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டுக்காரரின் கெரேத்தா, அதாவது கார், பஞ்சராகிவிட்டதாம்.

"ஏம்மா, கல்லு உங்க அலமாரிக்குள்ள இருந்துச்சு. டயரு ரோட்டு மேல இருந்துச்சு. ரெண்டுக்கும் எப்படிம்மா பழக்கம்?" என்று கேட்டார் சீனி முகம்மது.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது லா" என்று சொல்லி அம்மாள் வேறொரு கல்லை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் ஒரு முகில் இருந்தது, பொடிப்பொடியாக நாலு புள்ளியும் இருந்தன. அந்த வாரம் அவர் மகளுக்கு டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. கல் அமர்க்களமாக விற்றுப்போனது.

இப்படித் தோஷத்தைக் கிண்டல் செய்துகொண்டிருந்த மனிதர்தான் ஒரு வீட்டில் போய்த் தோஷத்தைக் கூவிவிட்டு வந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வேறு யாராவது செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு யாழ்ப்பாணத்தார் வீடு. ஐயாத்துரை ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி தவமணி அம்மாள் எந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெறாதவர். ஒரே மகன் விஸ்வலிங்கத்துக்குத் தைப்பிங்கில் பெண் எடுத்திருந்தார்கள். பெண்ணின் பெயர் செல்வநாயகி, வயது இருபத்து மூன்று. அவள் புகுந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பெண் வீட்டார் போட்ட ஏழுகல் வைரத்தோட்டை ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள் என்று தவமணி அம்மாள் சீனி முகம்மதுவை வரவழைத்தார். மரியாதையாக, 'சும்மா ஒரு பார்வைக்கு' என்றுதான் சொல்லி அனுப்பினார்.

சீனி முகம்மது ஃபெரி ஏறிப் போனார். கூடத்தில் இருபது உறவினர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் தேநீர், எல்லார் கண்ணும் அவருடைய லென்ஸில். வலக் காதுத் தோட்டை எடுத்தார். சுற்றிலும் இருந்த ஆறு கற்களும் சுத்தம். இடக் காது, அதுவும் சுத்தம். "நல்ல கல்லு, நல்லாப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் கூட்டத்தின் முகம் தொங்கிப்போய்விட்டது. கடல் தாண்டி ஒரு ஆளை அழைத்து வந்து ஒன்றுமில்லை என்று கேட்பதற்கா இருபது பேர் காத்திருந்தார்கள்? ஒரு மாமா கடிகாரத்தைக்கூடப் பார்த்தார். சீனி முகம்மதுவுக்கு அது பிடிக்கவில்லை. வலக் காதுத் தோட்டின் நடுவில் இருந்த பெரிய கல்லை மறுபடி லென்ஸுக்கு அடியில் கொண்டுவந்தார். உள்ளே ஆழத்தில் மூன்று கோடுகள் ஓரிடத்தில் சேர்ந்து நின்றன. கல்லைக் கழற்றிப் பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"காகபாதம்" என்றார்.

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. காக்கையின் கால்தடம் போல வைரத்துக்குள் விழும் கீறலுக்குக் காகபாதம் என்று பெயர். எல்லாத் தோஷத்திலும் பெரிய தோஷம் அதுதான் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடிகாரம் பார்த்த மாமா எழுந்து வந்து லென்ஸை வாங்கிப் பார்த்து, ஒன்றும் தெரியாமலேயே "ஐயையோ" என்றார். சமையலறைக் கதவோரம் தட்டோடு நின்ற புதுப்பெண்ணை இருபது பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். சீனி முகம்மது பார்க்கவில்லை. அவர் இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த கெடுதல்களுக்கெல்லாம் முகவரி கிடைத்துவிட்டது. ஐயாத்துரை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சோப்பை யாரும் குற்றம் சொல்லவில்லை. விஸ்வலிங்கத்துக்கு மூன்று முறை பதவி உயர்வு தவறிப்போனது. அவர் ஆபீசுக்குப் பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குக் காணாமல் போகிறவர் என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ரம்புத்தான் மரம் இரண்டு வருடம் காய்க்கவில்லை. ஃபிரிட்ஜ் கெட்டது. எல்லாம் அந்தக் கல்லால், அதாவது அந்தக் கல்லோடு வந்தவளால்.

அப்படியானால் கல்லை விற்றுத் தொலைத்திருக்கலாமே? முடியாது. தோஷத்தை இன்னொருவர் தலையில் கட்டினால் அது இரண்டு மடங்காகத் திரும்பி வருமாம். கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கலாமே? அதுவும் முடியாது. உடம்பில் கிடந்தால் போட்டிருப்பவளோடு நிற்கும், கழற்றி வைத்தால் வீடு முழுக்கச் சுற்றும் என்று தவமணி அம்மாள் ஒரு சட்டம் வைத்திருந்தார். இந்தச் சட்டத்தை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. அவரே இயற்றியதாகத்தான் இருக்கும். ஆகவே செல்வநாயகி அந்தத் தோட்டைப் பதினொரு வருடம் போட்டிருந்தாள்.

இந்தச் செய்தியெல்லாம் கடைத்தெருவுக்குச் சுடச்சுட வந்து சேரும். தவமணி அம்மாளின் உறவுக்காரர்கள் கடைக்கு வந்து, "சீனி அண்ணே, உங்க கண்ணு கண்ணுதான். சொன்ன மாதிரியே நடக்குது பாருங்க" என்பார்கள். சொன்ன மாதிரி என்று சீனி முகம்மது எதையும் சொல்லவில்லை. ஒரு சொல்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு சங்கடமும் அவருக்கு விளம்பரமாகிவிட்டது. அலோர் ஸ்டாரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் 'காகபாதம் சீனி' எங்கே என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். முதலாளி அவருடைய நாற்காலிக்கு மெத்தை போட்டுக் கொடுத்தார். அவர் வெட்கப்பட்டாரா? இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. இதை மறைத்து எழுதி யாருக்கு என்ன பிரயோசனம்?

ஒரே ஒரு நாள் மட்டும் மெத்தை கொஞ்சம் குத்தியது. எண்பதாம் வருடம், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். செல்வநாயகி புடவைக் கடை வரிசையில் நடந்து வந்தாள். தோடு தெரியாதபடி முடியை இரண்டு காதையும் மூடி இழுத்து வாரியிருந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த சீனி முகம்மதுவைப் பார்த்ததும் நின்றாள். பிறகு வெயிலில் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போய்விட்டாள். அன்று மதியம் அவர் சாப்பிட்ட நாசி கண்டார் சோற்றில் எந்தக் குறையும் சொல்லவில்லை. கடைக்காரர் கவலைப்பட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

எண்பத்தைந்தில், பினாங்குக்குப் பாலம் திறக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம், விஸ்வலிங்கம் கடைக்கு வந்தார். முகம் பளபளவென்று இருந்தது.

"அண்ணே, அம்மா உங்கள உடனே வரச் சொன்னாங்க. காகபாதம் மறைஞ்சிருச்சு."

"எங்க மறைஞ்சிருச்சு?"

"கல்லுலேர்ந்துதான் லா. அம்மா நாப்பத்தெட்டு நாள் கோயில்ல நெய்விளக்கு போட்டாங்க. நேத்து என் ஸ்டாம்பு பாக்குற கண்ணாடிய வச்சுப் பாத்தா, கோடு இல்ல. ஒண்ணுமே இல்ல. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

வைரத்துக்குள் இருக்கும் கீறல் பூமி தோன்றிய நாளிலிருந்து இருப்பது. நெய்விளக்குக்கு அது அசையாது என்று சீனி முகம்மதுவுக்குத் தெரியும். ஆனால் கீறல் இருந்த கல் போய், கீறல் இல்லாத கல் வந்திருக்கிறது என்றால் அதற்கு வேறு வழிகள் உண்டு. அந்த வழிகளையெல்லாம் யோசித்துக்கொண்டே ஃபெரியில் உட்கார்ந்திருந்தார்.

அதே கூடம், ஏறக்குறைய அதே இருபது பேர். மாமாக்கள் மட்டும் பருத்திருந்தார்கள். ஐயாத்துரை ஊன்றுகோலோடு மூலையில் இருந்தார். தவமணி அம்மாள் பட்டுச் சேலையில் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ தம்பி. அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் ஒரு நாளும் பொய் எண்டு சொல்லேல்லை. இண்டைக்கும் நீங்கள்தான் சொல்ல வேணும். வடிவாப் பாருங்கோ" என்றார். பிறகு சபையைப் பார்த்து, "நாப்பத்தெட்டு நாள்! ஒரு நாள்கூட விடேல்லை" என்றார்.

செல்வநாயகி தோட்டைக் கழற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். முப்பத்து நாலு வயதுக்கு அவள் முடி நிறையவே நரைத்திருந்தது. தட்டைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

சீனி முகம்மது லென்ஸை எடுக்கவில்லை. முதலில் வலக் காதுத் தோட்டின் மேல் வாயால் ஊதினார். ஏழு கல்லும் பனித்தன. சுற்றியிருந்த ஆறும் அந்த நொடியே தெளிந்துவிட்டன. வைரம் அப்படித்தான், ஈரத்தைத் தன்மேல் தங்க விடாது. நடுவில் இருந்த கல் மட்டும் ஆற அமர, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு தெளிந்தது. பிறகு லென்ஸை எடுத்தார். கல்லின் அடிப்பக்க விளிம்புகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஜிர்கான். பார்க்க வைரம் மாதிரி இருக்கும், விலை ஒரு நல்ல சாப்பாட்டுக்கு மேல் வராது.

தலையை நிமிர்த்தினார். செல்வநாயகி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, கண் கலங்கவும் இல்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லை மாற்றியவள் அவள்தான் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துபோனது. அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோனது. இவர் இப்போது ஒரு சொல் சொன்னால், இத்தனை நாள் ராசியில்லாதவளாக இருந்தவள் இன்றிலிருந்து திருடியும் ஆகிவிடுவாள்.

'சுத்தம்' என்று மட்டும் சொல்லிவிடலாம். தவமணி அம்மாளுக்குச் சந்தோஷம், அற்புதத்தில் இவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும், மாலைகூடப் போடுவார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் பதினொரு வருடமும் சரி என்று ஆகிவிடும். மருமகள் தோஷத்தோடு வந்தாள், மாமியார் விளக்குப் போட்டுத் தீர்த்து வைத்தார் என்று அவள் சாகும்வரை கேட்க வேண்டியிருக்கும். அடுத்த முறை ஃபிரிட்ஜ் கெட்டால் காக்கை திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். சீனி முகம்மதுவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அவர் வாழ்க்கையில் அது அடிக்கடி வருகிற ஆத்திரம் அல்ல.

"அம்மா, இந்தக் கல்லுல காகபாதம் இல்ல" என்றார். தவமணி அம்மாள் கைகூப்பப் போனார். "எப்பவுமே இருந்ததில்ல. அன்னைக்கு நான்தான் தப்பாப் பாத்துட்டேன். அழுக்கப் பாத்துக் கீறல்னு சொல்லிட்டேன்."



"அப்ப நான் ஊத்தின நெய்?" என்றார் தவமணி அம்மாள்.

"நெய் எங்கயும் போகாதும்மா. கோயிலுக்குத்தானே போட்டீங்க, நல்லதுதான்."

"அண்ணே, அப்ப என் புரமோஷன்?" என்றார் விஸ்வலிங்கம்.

"அத உங்க ஆபீஸ்ல கேக்கணும் தம்பி. காலைல எட்டு மணிக்குப் போய்க் கேட்டா நல்லது."

மூலையிலிருந்து ஐயாத்துரை ஒரு சத்தம் போட்டார். இருமல் என்று எல்லாரும் நினைத்தார்கள். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். "நான் அண்டைக்கே சொன்னனான், அது சோப்பு எண்டு" என்றார். பதினொரு வருடத்தில் அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு சீனி முகம்மதுவுக்குக் கிடைத்தது வசவுதான். கண் தெரியாதவனுக்கு எதற்கு லென்ஸ் என்று ஒரு மாமா கேட்டார். இவரை நம்பித் தாங்கள் திருப்பிக் கொடுத்த கல் எத்தனை என்று ஒரு மாமி கணக்குப் போட ஆரம்பித்தார். தவமணி அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். அற்புதத்தைக் கண்டவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டால் கோபம் வராதா? வடை வரவில்லை. வாசல்வரை வழியனுப்பவும் யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நூர்ஜானிடம் நடந்ததைச் சொன்னார்.

"இருந்த கீறல இல்லன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"ஊருக்கெல்லாம் கொற சொல்லிட்டுத் திரிஞ்ச மனுசன் கடைசில ஒங்களுக்கே ஒண்ணு சொல்லிக்கிட்டீங்க. அதுவும் பொய்யி" என்றாள் நூர்ஜான். பிறகு அவர் கேட்காமலேயே இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தாள்.

பொய்யோ மெய்யோ, ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஈப்போவிலிருந்து வருகிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். முதலாளி நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்துக்கொண்டார். சீனி முகம்மதுவுக்கு வருத்தம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு திமிரும் இருந்தது. என் கண் பிசகவில்லை, ஒரு பெண்ணுக்காக நானே விட்டுக்கொடுத்தேன் என்று வெறும் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தியாகம் செய்தவர்களிடம் இருக்கும் அந்த நிமிர்வைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

பத்து நாள் கழித்து, காலையில் கடை திறந்த கையோடு செல்வநாயகி வந்தாள். இந்த முறை ரோட்டைக் கடந்து போகவில்லை. எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன மருந்து டப்பாவை எடுத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்தாள்.

"அண்ணே, அன்னைக்கு எனக்காகப் பொய் சொன்னீங்க. எனக்குத் தெரியும்."

"விடுங்க தங்கச்சி."

"இதுதான் அந்தக் கல்லு. திருகு தேஞ்சு போச்சுன்னு சொல்லித் தோட்ட எடுத்துட்டு வந்து, குவீன் ஸ்திரீட் பத்தர்கிட்ட குடுத்து மாத்தினேன். எல்லாரும் விளக்கு, விளக்குன்னு இருந்தாங்க. கோடு போயிருச்சுன்னா என்னைய விட்ருவாங்கன்னு நெனச்சேன்."

"இத ஏன் விக்கல?"

"வேற ஒரு பொண்ணு வாங்கிப் போட்டுக்குவாளே அண்ணே" என்றாள் செல்வநாயகி. "கடல்ல போட்டுரலாம்னு ரெண்டு தடவ ஃபெரில போனேன். கை வரல. அம்மா அப்பா போட்டது. நீங்க சொல்லுங்க, இத என்ன செய்றது?"

சீனி முகம்மது டப்பாவைத் திறந்தார். கல்லை ஸ்பிரிட்டில் போட்டுத் துடைத்தார். சாமணத்தால் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வடக்கு வெளிச்சத்துக்குத் திரும்பினார். பழைய சிநேகிதனைப் பார்க்கப் போகிற மாதிரி அந்த மூன்று கோடுகளைத் தேடினார்.

மேலிருந்து பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கல்லை மறுபடி துடைத்தார். லென்ஸைத் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அநேகமாக எல்லா வைரத்திலும் இருக்கும் புள்ளி. வேறு ஒன்றுமில்லை. கோடு இல்லை. கீறல் இல்லை. காக்கை அந்தப் பக்கமே வந்ததில்லை.

"பத்தர் கல்லக் கழட்டும்போது நீங்க கூட இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இருந்தேன்."

"அடியில தகடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. வெள்ளித் தகடு. கசங்கி மடிஞ்சு போயி, மடிப்புல கருத்திருந்துச்சு. அவரு சுரண்டித் தூக்கிப் போட்டுட்டு வேற வச்சாரு. ஏன்ணே?"

பின்பக்கம் மூடிக் கட்டிய நகையில் கல்லின் கீழே பளபளப்புக்காக வெள்ளித் தகடு வைப்பார்கள். அந்தத் தகடு மடிந்தால் மடிப்பு கல்லுக்குள் கோடாகத் தெரியும். அதனால்தான் கட்டிய கல்லில் குற்றம் சொல்லக் கூடாது, கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். மாமாவின் கடையில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காக அவர் அன்று அதை விழுங்கிவிட்டார். பத்து நாளாகப் பொய் என்று நினைத்துச் சுமந்துகொண்டிருந்தது பொய்யே அல்ல. அவர் அந்தக் கூடத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதைச் சொல்லும்போது அவருக்கே அது தெரியாது.

'ஆமாம் இருக்கிறது, கடலில் போட்டுவிடு' என்று இப்போது சொன்னால் அவருடைய கண் அவருக்கு மிஞ்சும். இவளும் நன்றியோடு போய்விடுவாள். இந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம்.

"தங்கச்சி, இதுல ஒண்ணும் இல்ல" என்றார். "நான் பாத்தது அந்தத் தகட்டோட மடிப்ப. கல்லு சுத்தம். அன்னைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு. நான் ஒங்களுக்காகப் பொய் சொல்லல. எனக்கே தெரியாம உண்மையச் சொல்லியிருக்கேன். இதத் திரும்பக் கட்டிப் போட்டுக்கலாம். யாருக்கும் தெரியாது."

செல்வநாயகி கல்லைப் பார்த்தாள். அழுவாள் என்று அவர் பயந்தார். செருப்பைக் கழற்றுவாள் என்றும் எதிர்பார்த்தார், கழற்றியிருந்தாலும் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருப்பார். அவள் இரண்டும் செய்யவில்லை. பிறகு, வேறு யாரிடமோ கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என் பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?"

"எழுபத்தேழுல பொறந்துச்சு. பொம்பளப் பிள்ளை. ஒம்போது நாள் இருந்துச்சு. வெளியில யாருக்கும் சொல்லல. வீட்டுலகூட இதுக்கு மட்டும் யாரும் என்னையக் குத்தம் சொல்லல அண்ணே. நானேதான் நெனச்சுக்கிட்டேன். பால் குடுக்கும்போதெல்லாம் இந்தத் தோடு அதோட நெத்தியில பட்டுச்சு. கழட்டி வச்சா வீட்டச் சுத்தும்னு அத்தை சொன்னாங்கன்னு கழட்டாம இருந்தேன். அதனாலதான்னு."

சீனி முகம்மது சாமணத்தைத் துணியின் மேல் வைத்தார். தன்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. அவள் கேட்டது அதையல்ல.

"அந்தக் கல்லால இல்ல தங்கச்சி" என்றார். "எதனாலன்னு எனக்குத் தெரியாது. அல்லாவுக்குத்தான் தெரியும். ஆனா கல்லால இல்ல. ஒங்களாலயும் இல்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார்.

தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு வாடிக்கைக்காரர் வாசலில் வந்து நின்றார். செல்வநாயகி எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவ" என்றாள்.

சீனி முகம்மது மறுபடியும் சொன்னார். அவள் போதும் என்று சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.